பேடாவின் எடை

ஹாம்ஸ்டரைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக் படியேறுகிறவர்களில் பாதிப் பேர் முதல் தடவை வருவது, "பின்னாடி ரெண்டு கட்டி வந்திருக்கு டாக்டரம்மா" என்ற பதற்றத்தோடுதான். திருப்பிப் பார்த்தால் விதைப்பை. ஆண் ஹாம்ஸ்டருக்கு அது உடம்புக்குச் சம்பந்தமில்லாத பருமனில் இருக்கும். ஆம்பூர் வெயிலில் இன்னும் இறங்கித் தொங்கும். குழந்தையோடு வந்த அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஆரம்பத்தில் தடுமாறியிருக்கிறேன். இப்போது குழந்தையை வெளியே கட்டியிருக்கும் ஆட்டுக்குட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். இன்னும் சிலர் இடுப்பின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது என்று வருவார்கள். அது வாசனைச் சுரப்பி. பெண் என்றால் நான்கு நாளைக்கு ஒருமுறை பிறப்புறுப்பில் வெள்ளையாகக் கசியும். சீழ் என்று பயந்துபோவார்கள். மூன்றுக்கும் மருந்து கிடையாது. ஃபீஸும் வாங்குவதில்லை.

2024 மார்ச்சில் வந்த பாய் கட்டி என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் கூண்டைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "தோலு சரியில்ல டாக்டரம்மா. முதுகுல கிரெய்ன் மாறிப்போச்சு" என்றார்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து பேரணாம்பட்டு, மாதனூர், ஆலங்காயம் என்று 34 வருஷம் அரசாங்கக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தேன். 2016-ல் ரிட்டயர் ஆனபின் இந்தச் சின்ன கிளினிக். நோயைப் பற்றி ஆயிரம் விதமாகக் கேட்டிருக்கிறேன். கிரெய்ன் மாறிப்போச்சு என்று யாரும் சொன்னதில்லை. அது டேனரி வார்த்தை. பதனிட்ட தோலின் மேல்முகத்தில் மயிர்க்கால்கள் விட்டுப்போகிற வரியமைப்புக்கு அங்கே கிரெய்ன் என்று பெயர்.

இந்தப் பக்கத்தில் ஆடு மாடுகளை அறிந்தவர்கள் இரண்டு வகை. உயிரோடு இருக்கும்போது அறிந்தவர்கள், உரித்த பிறகு அறிந்தவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்த ஊர்களில் இரண்டாவது வகைக்குப் பஞ்சமே இல்லை. பாய் 38 வருஷம் டேனரியில் அசார்ட்டர். குரோம் ஏறி டிரம்மிலிருந்து வெளியே வந்த நீலத் தோல்களை, வெட் புளூ என்பார்கள், மேஜையில் போட்டுப் புரட்டித் தரம் பிரிக்கிற வேலை. ஒரு தோலுக்குச் சில விநாடிதான். கண் பார்ப்பதற்குள் கட்டைவிரல் படித்துவிடும்: உண்ணி கடித்த வடு, அம்மைத் தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு. அவர் விரல் சம்மதித்தால் அந்தத் தோல் ஷூவின் முகப்புக்குப் போகும். இல்லையென்றால் லைனிங்குக்கு.

கூண்டுக்குள் இருந்தது பொன்னிற சிரிய ஹாம்ஸ்டர். பெயர் பேடா. ஆற்காடு மக்கன் பேடா பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதே பழுப்பு, அதே உருண்டை, அதே மாதிரி உள்ளே முந்திரியும் பருப்பும் அடைத்த வயிறு. இதற்கு வயிற்றில் இல்லை, கன்னத்தில். பேத்தி வைத்த பெயர். அவள்தான் 2022-ல் சென்னை போனபோது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அடம்பிடித்து வாங்கியவள். பிறகு அவளே படிக்கச் சென்னைக்குப் போய்விட, ஹாஸ்டலில் எலிக்கு இடமில்லை. ஹாம்ஸ்டர் தாத்தாவிடம் வந்து சேர்ந்தது.

வயது இரண்டைத் தாண்டியிருந்தது. இரண்டு, இரண்டரை, மிஞ்சிப்போனால் மூன்று வருஷம்; அதுதான் இந்த உயிரின் ஆயுள். பதினாறே நாளில் கர்ப்பம் முடிந்து பிறக்கிறது, அதே வேகத்தில் கிழடும் தட்டிவிடுகிறது. பேடாவின் ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. கையை மேலிருந்து கொண்டுபோனேன், கடித்துவிட்டது. பருந்து வருகிற திசையிலிருந்து கை வந்தால் எந்த எலியும் கடிக்கும், அதிலும் பார்வை மங்கிய எலி. நாற்பது வருஷத் தொழிலில் இதுகூட அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை. பாய் கைவிரல்களைத் தரையோடு தரையாக நகர்த்தி அதன் மூக்குக்கு முன்னால் வைத்தார். முகர்ந்து பார்த்து ஏறிக்கொண்டது. என் கையில் ஸ்பிரிட் வாசனை, அவர் கையில் தோல் வாசனை. வேலையை விட்டு நாலு வருஷமாகியும் அது போகவில்லை போலிருக்கிறது.

முதுகின் பின்பாதியில் முடி கொட்டி, தோல் செதில் செதிலாக வறண்டிருந்தது. சொறிந்துகொள்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எனக்குச் சந்தேகம் ஒன்றுதான். பிளேடின் முதுகால் லேசாகச் சுரண்டி, லிக்விட் பாரஃபின் சொட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். டெமோடெக்ஸ். மயிர்க்காலுக்குள் குடியிருக்கும் பூச்சி. ஹாம்ஸ்டரில் இரண்டு வகை உண்டு, ஒன்று சுருட்டு மாதிரி நீளம், இன்னொன்று கட்டைக் குட்டை. இரண்டுமே இருந்தன. இளம் ஹாம்ஸ்டரிலும் இவை ஓரளவு இருக்கும், ஒன்றும் செய்யாது. உடம்பு தளரும்போதுதான் பெருகும். ஆகவே பூச்சியைக் கண்டுபிடித்தோம் என்று சந்தோஷப்படக் கூடாது. எதனால் பெருகியது என்பதுதான் கேள்வி. கிழ ஹாம்ஸ்டரில் அதற்குப் பதில் பெரும்பாலும் உள்ளே, சிறுநீரகத்திலோ இதயத்திலோ இருக்கும்.

பாயையும் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு "புழு மாதிரி தெரியுது" என்றார். "ஆட்டுலயும் இதோட பங்காளி ஒண்ணு இருக்கு பாய். தோலுக்கடியில சின்னச் சின்ன முடிச்சா வரும். பதம் பண்ணி எடுத்தா அந்த இடம் ஓட்டையா நிக்கும்." ஊசி ஓட்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஹாம்ஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

இங்கே என் முதல் ஹாம்ஸ்டர் கதையைச் சொல்ல வேண்டும். அது என் கையாலேயே செத்தது.

2009 வாக்கில். சர்வீஸில் இருந்தேன், மாலையில் வீட்டுக்குத் தெரிந்தவர்கள் நாய், பூனை கொண்டுவருவார்கள். ஒருவர் ஹாம்ஸ்டர் கொண்டுவந்தார், காலில் சின்னக் காயம், லேசாகச் சீழ். கல்லூரியில் ஹாம்ஸ்டர் என்பது ஆய்வுக்கூடப் பிராணிகள் பாடத்தில் ஒன்றிரண்டு பக்கம். தேர்வுக்கு வராது என்று புரட்டிவிட்டுப் போனது. நாய்க்குட்டிக்குக் கொடுப்பதைத்தான் கொடுத்தேன். குழந்தைகள் குடிக்கும் அமாக்ஸிசிலின் சொட்டு மருந்து, எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டு, மிகச் சரியாக. காயம் ஆறிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் பேதியாகி, வாலெல்லாம் நனைந்து, விடிவதற்குள் போய்விட்டது. கணக்கில் தப்பில்லை. மருந்தே தப்பு.

பென்சிலின் குடும்பம், கிளிண்டமைசின், லின்கோமைசின் எல்லாமே வாய்வழி போனால் ஹாம்ஸ்டருக்கு விஷம் மாதிரி. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்து, கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்கிற ஒன்று மட்டும் பெருகி நச்சைக் கக்கும். இது தெரியாத விஷயமில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட மனித நோயாளிகளுக்கு ஏன் குடல் வெந்துபோகிறது என்று 1970-களில் அமெரிக்காவில் ஜான் பார்ட்லெட் குழு தேடியபோது, விடை கிடைத்ததே ஹாம்ஸ்டரின் குடலிலிருந்துதான். நம் ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக் பேதி என்றால் டாக்டர்கள் முதலில் சந்தேகிக்கிற கிருமி அது. அந்த அறிவுக்கு ஹாம்ஸ்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கொடுத்திருக்கின்றன. முப்பது வருஷம் கழித்து, அதைப் படிக்காத ஒரு டாக்டர் இன்னொன்றையும் சேர்த்துவிட்டார். காயத்தை உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தாலே அது பிழைத்திருக்கும்.

அதிலிருந்து ஹாம்ஸ்டர் வந்தால் முதலில் நான் கேட்கிற கேள்வி, "வீட்டுல என்ன மருந்து கொடுத்தீங்க?" என்பதுதான். பாதி வீடுகளில் குழந்தைக்கு மிச்சமான சிரப் போயிருக்கும்.

இன்னொரு தொல்லை அளவு. மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் என்ரோஃப்ளாக்ஸசின் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். 400 கிலோ மாட்டுக்கு 20 மில்லி போடுவேன். அதே கணக்கை 120 கிராம் ஹாம்ஸ்டருக்குப் போட்டால் 0.006 மில்லி வரும். ஒரு சொட்டில் எட்டில் ஒரு பங்கு. அதை எந்த ஊசியில் அளப்பது? இருபது மடங்கு நீர்க்கச் செய்து, சர்க்கரை நோயாளிகள் போடும் இன்சுலின் சிரிஞ்சில் ஐந்து கோடு எடுத்து, வாயோரம் சொட்டு சொட்டாக விட வேண்டும். ஒரு கோடு தவறினால் மாட்டுக்கு 4 மில்லி தவறின மாதிரி. நான் சர்வீஸில் சேர்ந்த காலத்தில் மாட்டுக்கு அளவு பார்ப்பதே "ஒரு கை முன்னப் பின்ன" என்கிற பாணியில்தான். அந்தப் பழக்கத்தோடு இந்தப் பிராணியிடம் வரக் கூடாது.

பேடாவுக்கு ஐவர்மெக்டின் மட்டும், வாரம் ஒருமுறை, இதே மாதிரி நீர்த்துக் கொடுக்க முடிவு செய்தேன். அமிட்ராஸில் குளிப்பாட்டுவது நாய்க்கு. கிழ ஹாம்ஸ்டரைத் தண்ணீரில் நனைப்பதே ஆபத்து. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, குளிரில் விறைத்துக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கன்னத்தைப் பார்த்தேன். ஹாம்ஸ்டரின் கன்னப் பை தோள்பட்டை வரைக்கும் போகும். ஜெர்மன் மொழியில் பதுக்கி வைப்பதற்கு வினைச்சொல்லே ஹாம்ஸ்டர்ன். எங்கள் பக்கம் வயலில் எலி வளை தோண்டி ஒரு படி நெல்லை அள்ளுகிற இருளர் பெரியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பேடாவின் இடது கன்னம் மட்டும் உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது. நனைத்த பஞ்சு முனையால் பையை மெதுவாக வெளிப்பக்கம் மடித்தேன். முதலில் நாலு சூரியகாந்தி விதை. அடுத்து ஏழெட்டு அரிசி. சின்னதாக, சீரகம் மாதிரி. ஆம்பூரில் இதைச் சொல்ல வேண்டியதில்லை, பிரியாணிக்குப் போகிற சீரகச் சம்பா. அதற்குப் பின்னால் அடைத்துக்கொண்டிருந்ததை ஃபோர்செப்ஸால் இழுத்தேன். ஈரமான, சாம்பல் நீலத் துணுக்கு. இன்னொன்று. மேலும் ஒன்று. டிரேயில் பரப்பிப் பார்த்தால், வெட் புளூ தோலை மெல்லிசாக்கும்போது மெஷின் சீவித் தள்ளும் ஷேவிங்.

"மெத்துனு இருக்குமேன்னு அடியில போட்டேன்" என்றார் பாய். பழைய கம்பெனியில் தெரிந்த பையனிடம் கேட்டு ஒரு பை வாங்கிவந்திருக்கிறார். மரத்தூளைவிட மிருதுவாக இருக்கும், சூடும் தாங்கும் என்று எண்ணம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. டேனரிக் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க இன்று வரை படிக்கிறார்கள். ஆனால் 38 வருஷம் அந்த நீலத்தைக் கையில் புரட்டியவருக்கு அது விஷம் என்று தோன்றாது. அது அவருக்குச் சோறு போட்டது. நான் குரோமியம் பற்றிப் பேசவில்லை. "வயித்துக்குள்ள போனா அடைச்சுக்கும் பாய், டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

கூண்டில் மூத்திர நெடியும் கண்ணை எரித்தது. அவருக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு மயிர் களையும் இடத்தில் இளமையில் வேலை பார்த்தவர்களில் பலருக்கு மூக்கு மங்கிவிடும். வாரம் இரண்டு நாள் என்று கிழமை சொல்லிக் கூண்டைச் சுத்தம் செய்யச் சொன்னேன், நெடி வருகிறதா என்று பார்த்து அல்ல. ஓடும் சக்கரத்தை எடுத்துவிடுங்கள், மாடிப்படி மாதிரி வைத்திருப்பதையும். தண்ணீர் பாட்டிலை இரண்டு விரல்கடை இறக்கி வையுங்கள். தீனியை ஊறவைத்துக் குழைத்துக் கொடுங்கள், நடுநடுவே அவித்த முட்டையின் வெள்ளைக்கரு துளி, வெள்ளரித் துண்டு. மூப்படைந்த மனிதருக்கு வீட்டில் செய்கிற மாற்றங்கள்தான் எல்லாம், அளவு மட்டும் சின்னது.

முன்பற்களும் நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஹாம்ஸ்டரின் முன்பல் சாகும் வரை வளரும். கடைவாய்ப் பல் வளராது. ஒரு காலத்தில் நான் நகவெட்டியால் வெட்டி, பல் நீளவாக்கில் பிளந்து அவஸ்தைப்பட்டிருக்கிறேன். இப்போது பல் டாக்டர்கள் ராவுகிற சின்னச் சக்கரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு நிமிஷ வேலை. மஞ்சளாக இருக்கிறதே, பல் கெட்டுவிட்டதா என்று கேட்டார். மஞ்சள்தான் நல்ல பல். வெளுத்தால்தான் கவலை.

கடைசியாகத் தராசு. நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி சின்ன மின்தராசு ஒன்று என்னிடம் உபரியாக இருந்தது. அதை அவருக்கு இரவல் கொடுத்தேன். 124 கிராம். பேத்தி முன்னொரு தடவை எடுத்த வீடியோவில் 146 காட்டியது. 22 கிராம் நமக்கு ஒன்றுமில்லை. இதற்கு அது 60 கிலோ மனிதன் 9 கிலோ இழந்த மாதிரி. ஹாம்ஸ்டர் வலியை வெளியே காட்டாது. தன்னைத் தின்ன ஆள் இருக்கும் உலகத்தில் பிறந்த பிராணி எதுவுமே காட்டாது. கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தராசில் தெரியும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவாருங்கள் என்றேன்.

எழுதினார். மறு வாரம் வந்தபோது பழைய அசார்ட்டிங் நோட்டின் பின்பக்கங்களில் கட்டம் போட்டிருந்தது. தேதி, எடை, தீனி, கழிச்சல். கடைசிக் கட்டத்தின் தலைப்பு "கை". அது என்ன என்றேன். "கையில எடுத்தா எப்படி இருக்குன்னு" என்றார். அதில் சில நாள் "நல்லா", சில நாள் "சுமார்", ஒரு நாள் "தளர்ச்சி".

ஏப்ரலில் அவருக்கு முன்னால் ஆட்டோடு காத்திருந்த ஒருவர், ஓர் எலிக்கு இவ்வளவா என்று என் காதுபடவே சொன்னார். சினை ஆடு, அவர் அவசரம் அவருக்கு. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றி வைத்தது 1971-ல் இதே வேலூர் சிஎம்சியில். இன்றும் சிறுநீரகம் போனவர்கள் எங்கெங்கிருந்தோ வேலூருக்கு ரயிலேறி வருகிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபொய்டின் ஊசி, சீன ஹாம்ஸ்டர் ஒன்றின் சூலக அணுக்களிலிருந்து வளர்க்கப்பட்ட பரம்பரையில் தயாராவது. 1957-ல் அமெரிக்காவில் டென்வரில் தியோடர் பக் எடுத்து வளர்த்த அணுக்கள், இன்று வரை தொட்டிகளில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. இதையெல்லாம் அந்த ஆட்டுக்காரரிடம் சொல்லவில்லை. "உங்க ஆட்டைக் கொண்டாங்க" என்றேன்.

பேடாவின் பரம்பரையும் விசித்திரமானதுதான். 1930-ல் இஸ்ரேல் அஹரோனி என்கிற விலங்கியலாளர் சிரியாவில் அலெப்போ பக்கத்துக் கோதுமை வயலைத் தோண்டி ஒரு தாயையும் பதினொரு குட்டிகளையும் எடுத்தார். ஜெருசலேமில் காலா அசார் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லருக்குப் பரிசோதனைக்கு ஹாம்ஸ்டர் தேவைப்பட்டது. குட்டிகளில் தப்பியோடியதும் செத்ததும் போக மிஞ்சிய சிலவற்றின் வாரிசுகள்தான் இன்று உலகத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் இருக்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே. அத்தனை நெருங்கிய உறவுக்குள் பெருகிய கூட்டம். பாயிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இதுக்கு ஊரு ஷாம்" என்றார். சிரியாவுக்குப் பழைய பெயர். அதற்குப் பிறகு ஹாம்ஸ்டரிடம் அவர் குரலில் கொஞ்சம் மரியாதை கூடினதாக எனக்குத் தோன்றியது. கற்பனையாகவும் இருக்கலாம்.

மே பிறந்தது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 40-ஐத் தாண்டும். ஹாம்ஸ்டருக்கு 25, 26-க்கு மேலே போனாலே கஷ்டம். ஏ.சி. இருக்கிற வீடில்லை. பாய் தாமே ஒரு வழி கண்டுபிடித்தார்: சின்ன மண் சட்டியைக் கவிழ்த்து, வாயோரம் ஒரு துண்டு உடைத்து வாசல் ஆக்கி, கூண்டுக்குள் வைத்துவிட்டார். கூண்டைச் சுற்றி வெளியே ஈரக் கோணி. ஈரம் உள்ளே படக் கூடாது என்று மட்டும் நான் சொன்னேன். பேடா பகலெல்லாம் சட்டிக்குள் கிடந்தது. அலெப்போ வயலில் வளைக்குள் கிடக்கிற மாதிரி.

மே இரண்டாம் வாரம் ஒருநாள் காலை எட்டு மணிக்கே வந்து நின்றார். நோட்டை நீட்டினார். 119, 118, 118, 122, 126, 131.

"எடை ஏறியிருக்கே பாய்" என்று நான்தான் சொன்னேன். ஒரு நொடி எனக்கும் சந்தோஷம். நோட்டில் கடைசிக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

"தராசு அப்படித்தான் சொல்லுது. கை வேற சொல்லுது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா" என்றார். பிறகு தொழில் பேச்சு வந்தது. "மண்டியில ஈரத்தோலு எடைய நம்பிக் காசு கொடுத்தா தொலைஞ்சோம்."

பேடாவை வாங்கிப் பார்த்தேன். முதுகெலும்பு சீப்புப் பல் மாதிரி விரலில் இடறியது. வயிறு மட்டும் உருண்டையாக, தட்டினால் ததும்பியது. தண்ணீர். ஸ்டெதாஸ்கோப்பில் ஹாம்ஸ்டரின் இதயத்தை எண்ண முடியாது. நிமிஷத்துக்கு 300, 400 அடிக்கும், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற மெஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்கும். அந்த மெஷினில் அன்று நூல் அறுந்து அறுந்து ஓடியது. மூச்சுக்கு விலா மொத்தமும் அசைந்தது. கிழ ஹாம்ஸ்டருக்கு இதய மேலறையில் ரத்தம் உறைவதும், சிறுநீரகத்தில் அமைலாய்டு என்கிற புரதம் படிந்து அதை மரக்கட்டையாக்குவதும் சகஜம். இரண்டில் எது முதலில் என்று உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும். தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. மார்ச்சில் முதுகுத் தோல் சொன்னது இதைத்தான். அதை முதலில் படித்தவர் அவர்.

தராசை நம்பச் சொன்னது நான். அந்த வாரம் முழுக்க ஏறின எடையைப் பார்த்து அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம், என் பேச்சைக் கேட்டு. இருக்கவில்லை.

நீர் பிரிய ஃப்யூரோசமைட் ஆரம்பித்தேன். நாலு நாளில் 131 இறங்கி 115 ஆனது. மூச்சு கொஞ்சம் இலகுவானது. 115 என்பதுதான் உண்மையான எடை என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊசி போட்டு முடித்துவிடுவதைப் பற்றியும் பேசினேன். பேசாமல் விடுவது டாக்டருக்குச் சௌகரியம், பிராணிக்கு இல்லை. என் அபிப்பிராயம் கேட்டால் அன்றே செய்திருப்பேன். பாய் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை புள்ள வருது" என்றார். அவ்வளவுதான். சரி, அதுவரை வலிக்கு மருந்து தருகிறேன், வாய் திறந்து மூச்சு வாங்கினால் ராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிடவில்லை.

பேத்தி ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, பையோடு நேராகக் கூண்டுக்குப் போனாளாம். சனிக்கிழமை முழுக்க மடியிலேயே வைத்திருந்தாளாம். மறுநாள் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தபோது சட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அவள் அழுததைவிட, தாத்தா காலை எட்டு மணிக்குப் பழக்கதோஷத்தில் தராசை ஆன் செய்துவிட்டு நின்றதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பின்கட்டில் மருதாணிச் செடி அடியில் புதைத்தார்கள். மண் சட்டியையும் சேர்த்து.

ஜூன் கடைசியில் ஒரு மாலை பாய் வந்தார். தராசைத் திருப்பிக் கொடுக்க. தட்டைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். கூடவே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று. பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஆட்டுத் தோல். காலையில் கறிக்கடையில் உரித்தது. மயிரோடு, இன்னும் ஈரமாக.

"விரல வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். தோலுக்கடியில் மிளகு அளவு முடிச்சுகள், ஐந்தாறு. கண்ணுக்குத் தெரியவே இல்லை. உள்பக்கத்திலிருந்து ஒன்றைக் கீறி அழுத்தினேன், வெண்ணெய் மாதிரி வெள்ளையாக வந்தது. பாரஃபின் சொட்டில் கரைத்து ஸ்லைடைச் செருகி, முதலில் நான் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

மார்ச்சில் பார்த்த மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு நிமிரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நூற்றுக்கணக்கில் இருந்தன, சுருட்டுக் கட்டு அவிழ்ந்த மாதிரி. ஒன்றிரண்டு இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன.

"இதான் ஊசி ஓட்டையா?"

"இதான் பாய்."

"எத்தன ஆயிரம் தோல லைனிங்குக்குத் தள்ளியிருப்பேன் இதால" என்றார், கண்ணை எடுக்காமலேயே. கொஞ்ச நேரம் கழித்து, அசார்ட்டிங்கில் இப்போது இருக்கிற பையன்கள் இரண்டு பேரை ஒருநாள் கூட்டிவரலாமா என்று கேட்டார். ஆறு மணிக்குள் வாருங்கள், அதற்குமேல் ஆடுகள் வர ஆரம்பித்துவிடும் என்றேன்.